செல்வத்துக்கு யாரும் இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 25. காரைக்குடியில் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. கல்லாவில் பாதி நாள் நான்தான். கதை எழுதுகிறேன். நான்கு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஆனாலும் கடையையும் வீட்டையும் விட்டால் எனக்கு என்ன தெரியும் என்ற குறை அரித்துக்கொண்டே இருந்தது. போன ஆடியில் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். பெயர் செல்வம், அப்பா அம்மா இல்லை, ஊர் சாத்தூர்ப் பக்கம், முன்பே மொசைக் வேலை பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் போகிறேன், ஆர்டர் நிறைய இருந்தால் ஞாயிறும். வீட்டில் மதுரையில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே கிடைத்ததை வைத்து ஒரு நாவல் 140 பக்கம் வந்துவிட்டது. முதல் மூன்று அத்தியாயங்களையும் ஆறாவதையும் இணைத்திருக்கிறேன். பட்டறையில் கல் தூக்கும் அக்கா ஒருவர் எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவருகிறார். பொங்கலுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது தன் சித்தப்பா மகளை எனக்குப் பார்க்கலாம் என்கிறார். நாவல் முடிய இன்னும் மூன்று மாதம் ஆகும். அதுவரை இப்படியே ஓட்டலாமா? உண்மையைச் சொன்னால் எழுத்து நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செல்வமாக இருக்கும்போதுதான் எனக்கு வரிகள் வருகின்றன.
பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்:

தம்பி, நீங்கள் பட்டறையில் சொல்லிக்கொண்ட பெயர் வேறு. அதையும் மாற்றிச் செல்வம் என்று போட்டிருக்கிறேன். பொய்ப்பெயருக்கு ஒரு பொய்ப்பெயர். பட்டறையை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

முதலில் கல்யாணப் பேச்சு. அதை இந்த வாரமே நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதற்கு மூன்று மாதம் கிடையாது. அந்த அக்கா சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லியிருக்கலாம் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வெளி ஆளிடம் வாய் திறப்பதற்கு முன்னால் வீட்டில் எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கா தெரியாது? சித்தப்பா காதில் போடாமல் உங்கள் காதில் போட்டிருக்க மாட்டார். அவர் இந்நேரம், பெற்றவர்கள் இல்லாத பையன், ஜாதகம் இல்லை, என்ன செய்யலாம் என்று யாரிடமாவது யோசனை கேட்டிருப்பார். அந்தப் பெண்ணுக்கும் அரசல்புரசலாகத் தெரிந்திருக்கும். நீங்கள் சிரித்து மழுப்பிய சனிக்கிழமைகளை அந்த வீட்டில் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கே போன் போட்டு, ‘அது வேண்டாம் அக்கா, வீட்டில் சொல்லிவிடுங்கள், காரணத்தை நேரில் வந்து சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு நேரில் போயே ஆக வேண்டும்.

சரி, எழுத்துக்கு வருவோம். நான் மனநல ஆலோசகன் இல்லை, பிரதி திருத்துகிறவன். எது தர்மம் எது அதர்மம் என்று சொல்வதைவிடப் பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது எனக்குச் சுலபம்.

உங்கள் நான்கு அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்தேன். முதல் மூன்றில் உங்கள் கதாநாயகன் ஏதோ அடிதடி வழக்கில் மாட்டி, பெயரை மாற்றிக்கொண்டு பட்டறையில் ஒளிந்திருக்கிறான். அந்த வழக்கை நான் நம்பவில்லை. அது போகட்டும். அவன் பொய் சொல்கிறான், மாட்டப் பார்க்கிறான், தப்பிக்கிறான். மறுபடி பொய் சொல்கிறான், மாட்டப் பார்க்கிறான். நான் பென்சிலை எடுத்து, அவன் பயத்தைச் சொல்லும் வரிகளுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சில பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. நடுப்பகலில் அக்கா வந்து உட்காருகிறார், டப்பாவைத் திறக்கிறார். என்ன குழம்பு என்று இல்லை. ‘என் குரல் நடுங்கியதை அவள் கவனித்தாளா?’ என்று இருக்கிறது. இத்தனை மாதம் ஒருவர் கட்டிக் கொண்டுவந்த சோற்றைத் தின்ற ஆளுக்கு, அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எழுத வரவில்லை. அவர்கள் கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்ததிலேயே உங்கள் கண் முழுக்கச் செலவாகிவிட்டது.

ஆறாவது அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறார், அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார், பூ அச்சை இறக்குகிறார். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கலர். சிவப்பைக் கரண்டியால் விடும்போது கை ஒரு தடவைகூட அச்சின் விளிம்பில் இடிப்பதில்லை. பிறகு அச்சைத் தூக்குகிறார். கட்டிவைத்த தகரம் போன பிறகும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடாமல் அப்படியே நிற்கின்றன. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டியதும் பூ மறைந்துபோகிறது. கல் செய்கிறவன் கடைசிவரை அதன் முதுகைத்தான் பார்க்கிறான், முகம் கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வரி. சூளை கிடையாது, சுடுவது கிடையாது, தொட்டித் தண்ணீரும் வெயிலும்தான் என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். ஓரத்தில் என் பென்சில் கோடு ஒன்றுகூட இல்லாத இடம் அது. ஏனென்றால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் செல்வம் இல்லை. பெரியவர் இருக்கிறார், அவர் கை இருக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்கிற நீங்கள் இருக்கிறீர்கள். அதைப் பார்ப்பதற்குப் பொய்ப்பெயர் எதற்குத் தம்பி? ஆத்தங்குடியில் கேமராவோடு வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களையே பட்டறைக்குள் நின்று பார்க்க விடுகிறார்களே.

அதே அத்தியாயம், ‘அன்று அவனுக்கு உடம்பு சரியில்லை’ என்று ஒரு வரியோடு முடிகிறது. ஏன் சரியில்லை என்பது நாவலில் இல்லை, உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கல்லுக்குச் சிவப்பு தரும் ரெட் ஆக்ஸைடு பொடி தீர்ந்துபோய்விட்டது, காரைக்குடிக்குப் போய் வாங்கி வந்துவிடலாம், வண்டியில் ஏறு செல்வம் என்று பட்டறைக்காரர் கூப்பிடுகிறார். எந்தக் கடை என்று கேட்கிறீர்கள். அவர் சொன்ன பெயர் உங்கள் அப்பா கடை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்துவிடுகிறீர்கள். பெரியவர் ஓமத்தண்ணி வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்புகிறார். சாயங்காலம் வந்து இறங்கிய மூட்டையில் உங்கள் கடை சீல். அதில் பில் எழுதிய கை உங்கள் அப்பாவுடையது.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் எரிச்சலாக வந்தது. இதையா ஒரு வரியில் தாண்டிப் போனீர்கள்?

அந்த ஆக்ஸைடு என்ன விலைக்கு வந்து என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை நாள் கடன், பாக்கி நின்றுவிட்டால் போனில் அப்பாவின் குரல் எந்த இடத்தில் மாறும் என்றும் தெரியும். அதே பொடி பெரியவரின் நகக்கண்ணில் ஏறி, சோப்புப் போட்டாலும் போகாமல் நிற்பதும் தெரியும். ஒரே மூட்டையின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கியவர் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அனுபவமே இல்லை என்று வருத்தப்பட்டுப் போனவருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது. அதைத்தான் இந்தப் பொய் எழுதவிடாமல் வைத்திருக்கிறது. செல்வத்துக்குக் கடை கிடையாது, கடைக்காரர் மகனுக்குப் பட்டறை கிடையாது. ஆளுக்குப் பாதி. கடையை மறைக்க வேண்டியிருந்ததால் அந்த இடத்தில் நம்ப முடியாத ஒரு அடிதடி வழக்கைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறீர்கள். நாவல் நொண்டுவது அங்கேதான்.

எழுதுகிறவனுக்கு இரண்டு பெயர் இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சிறுகூடல்பட்டி முத்தையாதான் கண்ணதாசன். பெங்களூரில் பொறியாளர் வேலை பார்த்த ரங்கராஜன், மனைவி பெயரான சுஜாதாவில் எழுதினார். லிஸ்பனில் கம்பெனிகளுக்கு வணிகக் கடிதம் மொழிபெயர்த்துப் பிழைத்த போர்ச்சுகீசியக் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா (1888–1935) இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் எழுதிய பெயர்களில் ஒருவர் மருத்துவர், ஒருவர் கப்பல் பொறியாளர், ஒருவர் அதிகம் படிக்காதவர். ஒவ்வொருவருக்கும் தனி வாழ்க்கை வரலாறு, தனி நடை, ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தனி அபிப்பிராயம். எல்லாம் காகிதத்தில். அந்த ஆட்களில் யாருக்கும் யாரும் சோறு கட்டிக் கொடுக்கவில்லை.

நிஜமாகவே பெயர் மாற்றி உள்ளே போனவர்களும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1887இல் மனநோய் வந்தவர்போல் நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல் தீவு மனநல விடுதிக்குள் போனார். பத்து நாள். அவரை வெளியே எடுக்கப் பத்திரிகை ஆள் அனுப்பியது. உள்ளே கண்டதை அவர் எழுதினார், விசாரணை நடந்தது, விடுதிகளுக்கு நிதி கூடியது. சொந்தப் பெயரில் போயிருந்தால் வாசலிலேயே மறித்து, நல்ல வார்டை மட்டும் காட்டி அனுப்பியிருப்பார்கள். அதனால் அந்தப் பொய்க்கு ஒரு வேலை இருந்தது. உங்களை யார் மறித்தார்கள்? ‘கடைக்காரர் மகன், கதை எழுதுகிறேன், சனிக்கிழமை வந்து கல் தூக்கட்டுமா?’ என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தீர்களா?

நம் ஊருக்கு இரட்டை வாழ்க்கை புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்கள், அடுத்தாள்கள், மேலாள்கள் எல்லோரும் மூன்று வருஷக் கணக்குக்கு அங்கே ஓர் ஆளாகவும், ஊர் திரும்பினால் வீட்டு உள்முற்றமான வளவில் வேறோர் ஆளாகவும் இருந்தவர்கள்தான். ஆனால் விலாசம், அதாவது கடை நடக்கும் பெயர், இரண்டு கரையிலும் ஒன்றே. அதை நம்பித்தான் அங்கே எழுதிய உண்டியல் சீட்டுக்கு இங்கே பணம் எண்ணிக் கொடுத்தார்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு அப்போது 23 வயது. தேவகோட்டையில் சும்மா திரிந்துகொண்டிருந்தேன். பழைய வீடுகளைப் பிரித்துத் தூணும் நிலையும் கதவுமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்த காலம். விற்கிற வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று ஆசை. ஒரு கிராமத்தில், மதுரையில் ஹோட்டல் கட்டுகிறவருக்குக் கதவு பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லி ஒரு வீட்டுக்குள் போனேன். ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். முகப்பில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து இரண்டாங்கட்டு வரைக்கும் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார். ஓர் அறையில் பூட்டு திறக்கவில்லை. தேங்காயெண்ணெய் கொண்டுவந்து சாவியில் தடவி, பத்து நிமிஷம் போராடித் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. நிலைக்கதவில் இருந்த கஜலட்சுமியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, ‘நீங்களே ஒரு விலை சொல்லுங்க தம்பி’ என்றார். கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கதை வந்தது. அந்த ஆச்சி அப்படியே கண்முன் நிற்கிறார் என்று நாலு பேர் கடிதம் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஆச்சி நல்ல விலைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ‘தேவகோட்டைத் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு’ என்று எட்டு மாதம் கதவை யாருக்கும் கொடுக்கவில்லையாம். அந்த மழைக்கு வளவில் ஓடு இறங்கிவிட்டதாம்.

அந்தக் கதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. அதனால் ஆச்சிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை.

நீங்கள் போங்கள். முதலில் அந்த அக்காவிடம், அப்புறம் பட்டறைக்காரரிடம். இந்த வரிசை முக்கியம், அக்கா இன்னொருவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது வேண்டாம். வேலை முடிந்து அவர் கை கழுவிக்கொண்டு வரும்போது தனியாகச் சொல்லுங்கள். என் பெயர் இது, காரைக்குடியில் எங்களுக்குக் கடை, அப்பா அம்மா இருக்கிறார்கள், உங்களிடம் பொய் சொன்னேன். அவ்வளவுதான். நாவலை முதல் மூச்சில் இழுக்காதீர்கள், அது சாக்காகத்தான் கேட்கும். ஏன் செய்தாய் என்று அவர் கேட்டால் அப்போது சொல்லுங்கள். இதில் அவருக்குச் சுருக்கென்று தைக்கப்போவது அப்பா அம்மா இருக்கிறார்கள் என்ற இடம்தான். யாரும் இல்லாத பிள்ளை என்றுதானே ஒரு பிடி கூடுதலாக உலை வைத்தார். சட்டைக்கான காசை நீட்டிவிடாதீர்கள், அதைவிட அவமானம் இல்லை. அவர் திட்டினால் நின்று கேளுங்கள். பேசாமல் போய்விட்டால் பின்னால் போகாதீர்கள்.

பட்டறைக்காரர் இனி வராதே என்று சொல்லிவிடலாம். சொந்தப் பெயர் தெரியாத ஒருவனை வேலைக்கு வைத்திருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்தீர்களா? அடுக்கிய கல் சரிந்து உங்கள் காலில் விழுந்திருந்தால் ஆஸ்பத்திரியில் எந்தப் பெயரை எழுதியிருப்பார், யாருக்குப் போன் போட்டிருப்பார்? மொசைக் அனுபவம் பொய் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். கரண்டி பிடிக்கிற கையைப் பார்த்தால் தெரியாதா?

வீட்டில் சொல்வது இதைவிடச் சுலபம். கோச்சிங் ஃபீஸ் என்று ஏதாவது வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். அப்பா கத்துவார். அப்புறம், அந்தப் பட்டறைக்காரர் பாக்கி வைக்காத ஆளாச்சே, அவரிடமா போனாய் என்று கேட்பார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாவலில் அக்காவைப் பற்றி இருப்பதெல்லாம் செல்வத்தை நம்பிச் சொன்னவை. கேரளாவில் இருக்கிற கணவர், அந்த வட்டிக் கடன், மாமியாரோடு நடந்த சண்டை. பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. பட்டறைகளில் கல் தூக்கும் பெண்கள் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், இரண்டு வரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், எத்தனை பக்கம் போனாலும்.

எழுத்து நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். கொஞ்ச நாள் நிற்கும், நிற்கட்டும். ஆனால் வரி வருவதற்குச் செல்வம்தான் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மணி நேரம் உடம்பு வலிக்க வேலை செய்துவிட்டு, போனைப் பையின் அடியில் போட்டுவிட்டு, சாயங்கால டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் யாருக்கும் வரி வரும். கல்லாவில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து ஒன்றரை இஞ்ச் ஆணி கேட்கிறார், எப்படி வரும்? இதற்கு இன்னொரு பெயர் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் கடையிலிருந்து லீவு தேவை. அதை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை போகும்போது நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பிரதியில் ஒரு திருத்தம் பாக்கி. ஆறாம் அத்தியாயத்தில், சட்டம் வைப்பதற்கு முன்னால் பெரியவர் கண்ணாடியை ‘எதிலோ தொட்ட துணியால்’ துடைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதில்? இத்தனை மாதம் பக்கத்தில் நின்றவருக்கு இது தெரியாமல் போனது, மொசைக் வேலை தெரிந்தவன் என்று சொல்லிவிட்டதால் கேட்க முடியாமல் போய்த்தான் இருக்கும். மறுபடி உள்ளே விட்டால் அதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். டப்பாவில் என்ன குழம்பு என்பதையும்.